வீடும் வாசலும்

இரவு முழுவதும் ரயிலில் கண் விழித்துத் தெற்கே பிரயாணம் செய்கிறவர்களுக்குக் கோவில்பட்டியின் கரிசல் மண்ணைக் கண்டதுமே ஊர் வந்துவிட்டதாக ஒரு மயக்கம் உண்டாகும். ஆனால் பொருநைக் கரைக்காரர்களுக்கு ஊர் அவ்வளவு சுலபத்தில் வந்துவிடாது. முதலில் திருநெல்வேலி ஜங்ஷன் வரவேண்டும். அங்கே மூட்டை முடிச்சுக்களோடு இறங்கித் தென்காசிக்கோ திருச்செந்தூருக்கோ வண்டி மாறவேண்டும். ஆகவே, நாம் பிள்ளைப் பிராயத்திலிருந்து இந்த நகரத்தின் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறோமே தவிர, இந்த நகரத்துக்கு வந்தது கிடையாது. வாசற்படியை யார்தான் நின்று பார்க்கிறார்கள்?

சென்ற கோடை விடுமுறையில் அம்பாசமுத்திரத்துக்குப் போகவேண்டியிருந்தது. காரியம் சந்தோஷமானதன்று. பாட்டனார் கட்டிய வீட்டை விலை பேசி முடித்தாகிவிட்டது. பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி. பன்னிரண்டு வயதுப் புதல்வனும் உடன் வந்தான்.

பொழுது புலரும் சமயம். வண்டி நின்ற ஸ்டேஷனின் பெயர்ப் பலகையில் 'வாஞ்சி மணியாச்சி' என்று கண்டது. பையனைத் தட்டி எழுப்பினோம். 1911-ம் வருஷம் ஜூன் 17-ம் தேதி, செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்ட இடம் இதுதான் என்றோம்.

"பாடத்தில் வந்ததே, அப்பா" என்று சொல்லி அவன் மறுபடியும் படுத்துவிட்டான்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. சரித்திர உபாத்தியாயராகிய நாமே அந்தத் தேதியை வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறோமேயன்றி, ஒரு நாளாவது அந்தப் பிளாட்பாரத்தில் காலை ஊன்றியதில்லை.

ஜங்ஷனில் இறங்கியதும் காப்பி வேண்டியிருந்தது. காப்பியின் ருசியில் இரண்டாவது டம்ளருக்கும் சொன்னோம். அதற்குள் தென்காசி வண்டி புறப்பட்டுவிட்டது!

"அம்பைக்கா, அண்ணாச்சி? வண்டி இப்பத்தான் போச்சு" என்றார் கடைக்காரர். "அடுத்த வண்டிக்கு நேரம் கிடக்கு. பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிட்டு வாங்களேன்."

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் வீட்டை விற்கப் போகிறவனுடைய கால்களுக்கு அவசரம் ஏது? பெட்டியைக் காப்பறையில் ஒப்படைத்துவிட்டு ஆற்றை நோக்கி நடந்தோம்.

ஆற்றின் மேல் நிற்பது சுலோசன முதலியார் பாலம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஒரு காலத்தில் படகுதான் கதி. கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்த்த முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கொடுத்து எழுப்பிய பாலம் இது. 1843-ல் திறக்கப்பட்டது. இன்றைக்கும் ஜனங்கள் அதன் மேல் போய் வருகிறார்கள். பேரைச் சொல்லுகிறார்கள், பேருக்கு உரியவரை நினைப்பவர் சிலரே. நாமும் அந்தப் பெரும்பான்மையோரில் ஒருவராகவே இதுகாறும் இருந்தோம்.

கீழே தாமிரபரணி ஓடிற்று. பொதிகையில் பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலருகே கடலில் கலக்கும் நதி. பழைய நெல்லைச் சீமையில் பிறந்து, அந்தச் சீமையை விட்டு வெளியேறாமலே கடலை அடைந்துவிடும் பாக்கியசாலி! நமக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

பாலத்துச் சுவரோரம் நின்று 1908-ன் கதையைப் பையனுக்குச் சொன்னோம். சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் மார்ச் 12-ம் தேதி கைது செய்தார்கள். மறுநாள் இந்த நகரமே கொதித்தெழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன, போலீஸ் ஸ்டேஷனும் தபாலாபீசும் தீக்கிரையாயின. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் உயிர் நீத்தனர்.

"அந்த நாலு பேரும் வ. உ. சி.க்குச் சொந்தக்காரர்களா, அப்பா?"

"இல்லை."

பையன் சற்று நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வீட்டை விற்றுவிட்டால் நமக்கு எது ஊர்?" என்று கேட்டான்.

வகுப்பில் எத்தனையோ கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லியிருக்கிறோம். இதற்கு உடனே வாய் வரவில்லை. கடைசியில், "இந்தப் பாலம் முதலியாருடைய வீட்டுக் கொல்லையிலா இருக்கிறது? அப்படியும் அவர் கொடுத்தாரே! எந்த மண்ணுக்காக ஒன்றைக் கொடுக்கத் தோன்றுகிறதோ, அதுதான் ஊர்" என்றோம். சொன்ன பிறகுதான், நாம் இதுவரையில் கொடுத்தது என்ன என்ற எண்ணம் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் கையெழுத்தாயிற்று. சாவியைக் கொடுத்தபோது கை நடுங்கிற்று என்பதை ஒளிப்பானேன்? திரும்பும் வழியில், ரயிலுக்கு ஆறு மணி நேரம் முன்னதாகவே நெல்லைக்கு வந்துவிட்டோம். இம்முறை காரணம் காப்பியன்று. பாரதியார் படித்த இந்துக் கல்லூரிப் பள்ளியைப் பார்க்கவேண்டுமென்று பையனே பிடிவாதம் பிடித்தான். அதைப் பார்த்துவிட்டு, நெல்லையப்பர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, சுடச்சுட அல்வாவும் வாங்கிக்கொண்டோம்.

வீடு வாசல் என்று சேர்த்தே சொல்லுவது நம்மவர் வழக்கம். வீடு போயிற்று, வாசல் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் நம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு வருவதாக உத்தேசம். முதலில் மணியாச்சியில் இறங்குவோம்.