பாயிண்ட் மகாத்மியம்

மோட்டார் வண்டியின் பெரிய உபத்திரவங்களுக்குப் பெரும்பாலும் சிறிய காரணங்களே இருக்கும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் இனத்தில், பழைய பெட்ரோல் வண்டி ஒன்றை வைத்துக் காலந்தள்ளும் நமக்கு இது அனுபவ பாடம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், 'பாயிண்ட்' என்னும் இரு சிறு முனைகள் தென்படும். அவை சேர்ந்திருக்கையில் மின்சாரம் காயிலில் ஓடுகிறது. பிரிந்த கணமே பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், முனைகள் 6,000 தடவை பிரிய வேண்டும்! இடைவெளியோ அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்குதான். காமில் உராயும் பகுதி தேயத் தேய அவ்விடைவெளி குறுகும், பொறி பிந்தும், மேட்டில் வண்டி திணறும். பீலர் கேஜ் வைத்துச் சரிசெய்து, காமில் துளி கிரீஸ் தடவினால் தீர்ந்தது. முனைகள் அடிக்கடி கருகினால் கண்டென்ஸரைச் சந்தேகிக்கலாம்.

"எலெக்ட்ரானிக் சாதனம் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லையே இராதே, அப்பா!" என்கிறான் நம் புதல்வன். நியாயந்தான், அதில் தேயும் முனைகளே இல்லை. ஆனால் நடுவழியில் அது கெட்டால் கைகட்டி நிற்க வேண்டும். பாயிண்டையோ சிறு அரத்தால் தேய்த்து வீடு வந்து சேரலாம். ஆகவே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறோம்: ஒரு வருஷம் அவனே தன் கையால் பாயிண்டைப் பராமரிக்கட்டும், பிறகு அவன் இஷ்டம்.