சிறுபெட்டியும் ஊர் மேடையும்

ஒரு வாத்தியத்தையோ அதனோடு இணையும் கருவியையோ மதிப்பிட முனைபவர், அது எங்கே ஒலிக்கப்போகிறது என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம். எலெக்ட்ரிக் கிதாருக்கான மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்களைப் பற்றி மதிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் பெரும்பாலானவை நுரைப்பஞ்சு ஒட்டிய அறைக்குள், சீரான மின்சாரத்தில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுதப்பட்டவை. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் கோயில் திருவிழா மேடையில் அந்த அறையும் இல்லை, அந்த மின்சாரமும் இல்லை. ஆகவே அந்த மதிப்புரைகள் எங்களுக்குப் பாதி தூரம்வரைதான் துணைவந்தன. மீதியை நாங்களே நடந்து பார்க்க வேண்டியிருந்தது.

நாங்கள் நால்வர். இருவர் பெரம்பலூர்க்காரர்கள், இருவர் அரியலூர்க்காரர்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். 2007இல் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் எங்கள் வாசிப்பும் பாட்டும் பிரியவில்லை. நால்வரில் ஒருவர் கிதார் வாசிப்பவர். பகலில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடைமேடையில் கணக்கெழுதிவிட்டு, திருவிழாக் காலங்களில் இரவில் மெல்லிசைக் குழுவொன்றில் வாசிக்கிறார். பெடல் வாங்கும் யோசனை அவருடைய நெருக்கடியிலிருந்தே பிறந்தது. குழுவை நடத்துபவர் ஒருநாள் அவரிடம், "தம்பி, கிதார் சவுண்டு கீபோர்டுலயே வந்துடுது. தனியா ஒரு ஆளு எதுக்குன்னு விழாக் கமிட்டியில கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் வன்மம் ஏதுமில்லை. பன்னிரண்டு பேர் மேடையேறிய குழுக்கள் கீபோர்டும் ஆக்டபேடும் இரண்டு பாடகர்களுமாகச் சுருங்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பின்னணியிசை முழுவதையும் கணினியிலிருந்து ஓடவிட்டுப் பாடுபவர் மட்டும் நின்று பாடும் நிகழ்ச்சிகளும் பெருகிவிட்டன. இந்த நிலையில், எங்கள் நண்பரின் இடத்தை ஒரு பெட்டி காப்பாற்றுமா என்பதே நாங்கள் மதிப்பிட வேண்டியிருந்த விஷயம்.

எலெக்ட்ரிக் கிதார் தன்னளவில் மெலிந்த குரலுடையது. தந்தியின் அதிர்வைக் காந்தச்சுருள் மின்னலையாக மாற்றுகிறது. அந்த அலை எதன் வழியாகச் செல்கிறதோ அதுவே அதன் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 1962இல் அமெரிக்காவின் மேஸ்ட்ரோ நிறுவனம் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் ஃபஸ்-டோன் என்ற பெடலை வெளியிட்டது. 1964இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறி அந்தக் கரகரப்பை உண்டாக்கினார். அறுபதுகளின் பிற்பகுதியில் வா-வா பெடல் வந்தது. கோரஸ், டிலே முதலியவை தனித்தனிப் பெட்டிகளாகத் தொடர்ந்தன. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1988இல் எம்.ஈ.-5 என்ற ஒரே பலகையில் பலவற்றை ஒன்றுசேர்த்தது. 1983இல் டோக்கியோவில் தொடங்கப்பட்ட ஜூம் நிறுவனம் தொண்ணூறுகளில் 505 என்ற சிறு பெடலை மலிவான விலைக்குத் தந்தது. நம் ஊர் வாத்தியக்காரர்கள் இவ்வகைப் பெட்டியைப் 'ப்ராசஸர்' என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பார்கள்.

நாங்கள் தேர்ந்தது அதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஜி1 ஃபோர். நால்வருமாகப் பங்கிட்டு வாங்கியபோது விலை பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று. தனித்தனிப் பெடல்களாக வாங்கினால் அந்தத் தொகைக்கு இரண்டோ மூன்றோதான் தேறும். அறுபதுக்கு மேற்பட்ட எஃபெக்ட்டுகள், 13 ஆம்ப்ளிஃபயர் மாதிரிகள், 50 ஒலி அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம், வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் முப்பது விநாடி லூப்பர், தாளக் கோவைகள், டியூனர் ஆகியவை அதில் உண்டு. எண்ணிக்கையைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்களில் பெரும்பாலானவற்றுக்கு எங்கள் மேடையில் வேலையில்லை என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டோம். வேலையிருந்தவை வேறு.

எங்கள் பக்கத்து மேடைகளில் கிதாருக்கென்று ஆம்ப்ளிஃபயர் வைப்பதில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் நீட்டும் வயரில் கிதாரைச் செருகினால் அது நேரே மிக்ஸருக்குப் போகும். இதில் இரண்டு இடர்கள் உள்ளன. ஒன்று, கிதாரின் காந்தச்சுருள் தன்னை வாங்கிக்கொள்ளும் கருவியிடம் மிக உயர்ந்த மின்னெதிர்ப்பை எதிர்பார்க்கிறது. பத்து லட்சம் ஓம் இருந்தால் நல்லது. மிக்ஸரின் வழக்கமான உள்வாயிலில் இருப்பது சில ஆயிரங்கள்தான். விளைவாக ஒலியின் மேற்பகுதி மழுங்கி, கம்பளிக்குள் முகம் புதைத்துப் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. மற்றது, கிதார் ஆம்ப்ளிஃபயரிலுள்ள ஸ்பீக்கர் ஏறத்தாழ ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். கரகரப்பான ஒலி நம் காதுக்கு இனிக்கக் காரணம் இந்த வடிகட்டல்தான். திருவிழா மேடையின் பெரிய பெட்டிகளோ உச்ச ஒலிகள் அனைத்தையும் துல்லியமாக வெளியிடுபவை. அவற்றில் வடிகட்டப்படாத கரகரப்பைச் செலுத்தினால் தகரத்தில் ஆணியால் கீறுவது போலிருக்கும். கீபோர்டின் கிதார் ஒலியே மேல் என்று கமிட்டிக்காரர்கள் நினைத்ததில் வியப்பில்லை. அவர்கள் அதுவரை மேடையில் கேட்டது கிதாரின் சொந்தக் குரல் அல்ல.

ஜி1 ஃபோர் இவ்விரண்டு இடர்களையும் தீர்க்கிறது. அதன் உள்வாயில் கிதாருக்கு ஏற்ற உயர் எதிர்ப்புடையது. ஃபெண்டர், வாக்ஸ், மார்ஷல், ஆரஞ்ச் முதலிய ஆம்ப்ளிஃபயர்களை மாதிரியாகக் கொண்ட அதன் ஒலிகள் ஸ்பீக்கர் பெட்டியின் வடிகட்டலையும் உள்ளடக்கியே வெளிவருகின்றன. முதல் சோதனையை அரியலூர் மாவட்டக் கிராமமொன்றின் அம்மன் கோயில் விழாவில் வைத்துக்கொண்டோம். ஃபெண்டர் வகைத் தெளிந்த ஒலியில் சிறிது கோரஸ் சேர்த்து எழுபதுகளின் பாடலொன்றுக்கு நண்பர் கை வைத்தபோது, சவுண்ட் சர்வீஸ்காரர் நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, இன்னைக்கு என்ன புதுக் கிதாரா?" என்றார். கிதார் பழையதுதான்.

அடுத்தது மின்சாரம். ஜெனரேட்டர், சீரியல் லைட்டுகள், கூழ் காய்ச்சும் இடத்துக்கு எங்கிருந்தோ இழுத்த ஒயர் என எல்லாம் ஒரே இணைப்பில் தொங்கும் இடங்கள் இவை. அடாப்டரைச் செருகியவுடன் ஒரு ரீங்காரம் எழுந்து கச்சேரி முழுதும் கூடவே பாடும். இந்தப் பெடல் 9 வோல்ட் அடாப்டரில் மட்டுமல்லாமல், சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அந்த அளவு பேட்டரி நான்கிலும் இயங்குகிறது. உலகத்து மதிப்புரைகளில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த வசதியே எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. பேட்டரியில் ஓடும்போது அடாப்டர் வழியாக வரும் ரீங்காரம் அறவே இல்லை; நடுவில் மின்சாரம் போய் வந்தாலும் அமைப்புகள் குலைவதில்லை. பேட்டரி தீர்ந்தால் கோயில் வாசல் பெட்டிக்கடையிலேயே வாங்கலாம். காந்தச்சுருளே உறிஞ்சிக்கொள்ளும் இரைச்சலைப் பேட்டரி நீக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு உள்ளேயிருக்கும் இரைச்சல் தடுப்பானைப் பயன்படுத்த வேண்டும். அடாப்டரே வேண்டுமென்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதன் முனையில் உட்புறம் எதிர்மின். கீபோர்டு அடாப்டர்கள் பலவற்றில் உட்புறம் நேர்மின்; மின்னழுத்தமும் பன்னிரண்டு வோல்ட்டாக இருக்கக்கூடும். அவசரத்துக்கு இரவல் வாங்கிச் செருகினால் பெடல் பாழாகலாம்.

ஒரே நேரத்தில் ஐந்து எஃபெக்ட்டுகளை அடுக்கலாம். இரைச்சல் தடுப்பான், லேசான ஓவர்டிரைவ், ஆம்ப்ளிஃபயர் மாதிரி, டிலே, ரிவெர்ப் என்று வைத்தால் ஐந்தும் நிறைந்துவிடும். இதைக் குறையென்று சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு ஐந்தே மிகுதி. திறந்த வெளியில் ரிவெர்ப் கூடினால் சொற்களே புரியாமல் போகும், பாடகர் சிரமப்படுவார். எங்கள் நண்பர் இறுதியில் நான்கே அமைப்புகளை வைத்துக்கொண்டார்: பக்திப் பாடல்களுக்குத் தெளிந்த ஒலி, மெல்லிசைக்குக் கோரஸ், துள்ளல் பாட்டுக்கு ஓவர்டிரைவ், இடையிசைக்கு டிலே. பெடலில் மிதிவிசைகள் இரண்டே என்பதால் அமைப்புகளை ஒவ்வொன்றாகத்தான் தாண்ட முடியும். ஆகவே நிகழ்ச்சி நிரலின் வரிசையிலேயே அவற்றைச் சேமித்துக்கொள்வது நலம்.

எங்கள் இசைக்கு மட்டுமே உரிய சோதனை ஒன்றும் உண்டு. கமகம் வெளிப்பட ஒலி நின்று நீடிக்க வேண்டும். உ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினின் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்திகளுடைய மின்மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டியபோது, மின்பெருக்கத்தால் நீண்ட அந்த நாதமே அவருடைய கமகங்களுக்குத் தளமாயிற்று. எங்கள் பெடலில் கம்ப்ரஸரை மிதமாக வைத்தபோது இழுப்புகள் தேயாமல் நின்றன. டிலேயை இயக்கியவுடன் முந்தைய சுரத்தின் எதிரொலி அடுத்த அசைவின்மேல் விழுந்து அதைக் குழப்பியது. ராகம் சார்ந்த இசைக்கு டிலேயை அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் முடிபு. இரண்டாம் சோதனையை ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு தேவாலயப் பாடற்குழுவோடு நடத்தினோம். அங்கே கட்டடமே போதிய எதிரொலி தந்தது. ரிவெர்பையும் அணைத்தோம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடல் பிளாஸ்டிக்கினால் ஆனது. எவரும் மிதித்தோடும் மேடையில் கவலையளிப்பது. சுண்ணாம்புத் தூசி படியும் எங்கள் ஊரில் குமிழ்களையும் விசைகளையும் துணி போர்த்திக் காக்க வேண்டியிருக்கிறது. மிக்ஸர் தொலைவிலிருந்தால் நீண்ட ஒயர் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். அதற்கேற்ற சமநிலை இணைப்பு இதில் இல்லை என்பதால் டி.ஐ. பாக்ஸ் ஒன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வா-வாவைக் காலால் இயக்க விரும்புபவர் மிதிபலகையுடன் வரும் ஜி1எக்ஸ் ஃபோரை நாட வேண்டும். பெரம்பலூருக்கு இரயில் இல்லை. பழுதென்றால் திருச்சிக்குப் பேருந்தேற வேண்டும் என்பதும் விலையில் அடங்காத செலவு.

இனி முதற்கேள்விக்கு வருவோம். ஒரு பெட்டி ஒரு கலைஞனின் இடத்தைக் காக்குமா? குழுவின் சிக்கனத்தையோ கமிட்டியின் கணக்கையோ எந்தப் பெடலும் மாற்றிவிடாது. அது செய்யக்கூடியது ஒன்றே: வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே நிற்கும் மழுங்கலையும் இரைச்சலையும் விலக்குவது. விலக்கியபின் கேட்பது விரல்களின் வேலை. கீபோர்டில் எழும் கிதார் ஒலி ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே எழும். பாடகர் ஓரிடத்தில் தயங்கி நின்றால், தந்தியை இழுத்துப் பிடித்துக் காத்திருக்க அதற்குத் தெரியாது. எங்கள் நண்பர் காத்திருக்கிறார் என்பது இப்போது மேடைக்குக் கீழே வரை கேட்கிறது.

ஆடி மாதத்து நிகழ்ச்சிகளுக்கு அவரையும் சேர்த்தே முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு என்னாகும் என்பதை நாங்கள் சொல்வதற்கில்லை. சிற்றூர் மேடைகளில் வாசிக்கும் கிதார்க்காரர்களுக்கு இந்தப் பெடலைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். அறுபது ஒலிகளில் தமக்கு வேண்டிய நான்கைத் தேர்ந்து, ஒரு டி.ஐ. பாக்ஸையும் மாற்று பேட்டரிகளையும் பையில் வைத்துக்கொண்டால் போதும்.