கட்டுவிரியன் என்று சொன்னேன்

சென்ற ஐப்பசியில் ஒரு சாயங்காலம். வங்கியிலிருந்து திரும்பி, சட்டையைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. கீழே கூச்சல் கேட்டது. பாடியில் நான் குடியிருக்கும் தெருவுக்கு வடக்கே கொரட்டூர் ஏரி. மழை நாட்களில் பாம்பு வருவது இங்கே புதிதில்லை. சாரையைக் கண்டால் குழந்தைகள்கூடச் சாரை என்று சொல்லிவிடும். அன்று வந்தது யாருக்கும் தெரிந்ததாக இல்லை. மதில் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில், செங்கல் இடுக்கைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன், கரும்பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டைகள்.

“நீங்க படிச்சவரு, சொல்லுங்க சார். இது என்னா பாம்பு? புள்ளைங்க வெளையாடுற எடம்” என்றார் கீழ்வீட்டு அம்மாள்.

நான் படித்தது ஆங்கில இலக்கியம். பகலில் காசோலைகளைப் பார்க்கிறேன், இரவில் கவிதைகளைப் பார்க்கிறேன். பாம்பைப் பார்த்துப் பழகியவன் அல்ல. ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் பதில் வந்துவிட்டது. “கட்டுவிரியன்” என்றேன். அதற்கப்புறம் ஒரு நிமிஷம்கூட ஆகியிராது. ஒருவர் தடியாலும் இன்னொருவர் செங்கல்லாலும் காரியத்தை முடித்தார்கள். அந்த அம்மாள் எனக்கு நன்றி சொன்னார். எனக்கும் ஒரு திருப்தி இருந்தது, அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. உரிய நேரத்தில் உரிய சொல்லைச் சொல்லிவிட்டவனின் திருப்தி.

அடிபடுவதற்கு முன் ஒரு பையன் கைப்பேசியில் படம் எடுத்திருந்தான். அன்றிரவு அதைக் கேட்டு வாங்கி, ரோமுலஸ் விட்டேகரும் அசோக் கேப்டனும் 2004-இல் வெளியிட்ட இந்தியப் பாம்புகள் பற்றிய நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சந்தேகம் எதுவும் உந்தவில்லை. நான் சொன்னது சரி என்பதை அச்சில் ஒரு முறை பார்த்துக்கொள்ளும் ஆசைதான்.

கட்டுவிரியனின் வெள்ளைக் கட்டுகள் மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்தவை. வளர்ந்த பாம்பில் கழுத்துப் பக்கம் அவை மங்கியோ இல்லாமலோ இருக்கும். வால் பக்கம் போகப்போகத் தெளியும். நடு முதுகில் ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோணமானவை. படத்தில் இருந்ததற்குத் தலைக்குப் பின்னாலேயே பட்டைகள் அகலமாகத் தொடங்கி, வால் பக்கம் மறைந்துபோயிருந்தன. முதுகில் பெரிய செதில் வரிசை இல்லை. தலை தட்டை. அது வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது. பல்லி தின்பது. பல்லியைத் தேடித்தான் சுவரில் ஏறும். 1758-இல் லின்னேயஸ் அதற்கு வைத்த ‘ஆலிக்கஸ்’ என்ற லத்தீன் பெயருக்கு அரண்மனையைச் சேர்ந்தது என்று அர்த்தம்.

இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதல்ல என்று கருதுகிறார்கள். விஷமில்லாத பிராணி விஷமுள்ளதின் வேஷத்தைப் பூண்டு தப்பித்துக்கொள்வதை, அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை வைத்து 1862-இல் எழுதியவர் ஹென்றி பேட்ஸ். பருந்திடமும் கீரியிடமும் இந்த வேஷம் பலிக்கலாம். அவை பயந்தால் விலகிப் போகும். மனிதன் பயந்தால் தடி எடுக்கிறான். உயிரைக் காக்க வேண்டிய சாயலே பாடியில் அதற்கு எமனாயிற்று. நடுவில் நான் இருந்தேன்.

கையெழுத்தை ஒத்துப்பார்ப்பது என் ஜீவனம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த குமாஸ்தா ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: “ஒத்துமையைப் பாக்காதே, அது எல்லாத்துலயும் இருக்கும். எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு பாரு.” பத்து வருஷமாக வங்கி மேஜையில் அப்படித்தான் பார்க்கிறேன். மதில் சுவரில் பார்க்கவில்லை. இலக்கியத்திலும் பார்த்தேனா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன், ஒரு இளைஞரின் முதல் தொகுதியை ஒரு மூத்த கவிஞரின் நகல் என்று இதுபோன்ற பக்கங்களில் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்தேன். சாயல் இருந்தது உண்மை. அது எந்த வரியில் தொடங்குகிறது, எங்கே தேய்ந்து அவர் தம் குரலில் பேசுகிறார் என்று நான் தேடவில்லை. அவர் அப்புறம் எழுதவில்லை. என்னால்தான் என்று சொல்லிக்கொள்வது என்னை நானே பெரிதாக்கிக்கொள்வது. என்னால் அல்லவே அல்ல என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வடநெம்மேலிக்குப் போனேன். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் அங்கே தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கிடமிருந்தும் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிப்பவர்களுக்குத் தருகிறார்கள். 2017-இல் ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டு, 2023-இல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபாலும் மாசி சடையனும் இருளர்கள்தாம். அங்கே ஒரு பெரியவரிடம், கட்டுவிரியனை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். “முதுகைப் பாருங்க” என்றார். சற்றுப் பொறுத்து, “தெரியலைன்னா தள்ளி நில்லுங்க” என்றார். வாழ்நாளெல்லாம் பாம்பு பிடித்தவருக்குத் ‘தெரியவில்லை’ என்பதும் ஒரு பதில். எனக்கு அது அன்று தோன்றவே இல்லை.

என் தெருக்காரர்களைப் பழிக்க எனக்கு நியாயமில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி அதிகம் இராது, வீக்கமும் இராது. விடியலில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். இமை சரியும், பிறகு மூச்சு. இதை அறிந்தவர் பயப்படுவது மூடத்தனமல்ல. அதனாலேயே என் தப்பை வெளியில் சொல்லவும் தயங்கினேன். அன்று அடித்தது சாதுவான பாம்பு என்று சொல்லி, நாளைக்கு ஒரு பையன் நிஜக் கட்டுவிரியனைக் கையில் எடுத்தால்? அந்தத் தப்பு இதைவிடப் பெரிது. இப்படி ஒரு மாசம் தர்க்கித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தர்க்கத்தில் கொஞ்சம் என் மானமும் ஒளிந்துகொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் கீழ்வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டேன். படத்தைக் காட்டி, பட்டை எங்கே தொடங்குகிறது என்று விளக்கினேன். எதையும் கையால் தொடக் கூடாது, அடிக்கவும் போக வேண்டாம், குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, தள்ளி நின்று பார்வையில் வைத்தபடி தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். கோபமில்லை.

“அப்ப அடுத்த தடவ யாரக் கேக்கறது சார்?” என்றார்.

என்னைக் கேளுங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, கேட்காதீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.