வைகறை இருமல்

தமிழ்நாட்டு இல்லங்களில் 'ஈஸ்னோபிலியா' என்பது ஒரு நோயின் பெயராகவே வழங்கி வருகிறது. பிள்ளை அடுக்கடுக்காகத் தும்மினால் ஈஸ்னோபிலியா. பனிக்காலத்தில் மூக்கு ஒழுகினால் ஈஸ்னோபிலியா. பெரியவருக்கு மூச்சு இளைத்தாலும் அதே பெயர்தான். உண்மையில் அது நோயன்று, ஓர் எண்ணிக்கை. குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ஒரு வகை அளவுக்கு மேல் பெருகியிருக்கிறது என்பதைத் தவிர அச்சொல் வேறெதையும் கூறவில்லை. வெப்பமானி காட்டும் நூற்றிரண்டு பாகையையே நோயின் பெயராகக் கொள்வாருண்டோ?

1879-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி உலர்த்தி, சாயங்களில் தோய்த்து ஆராய்ந்தார். ஈயோசின் என்னும் செஞ்சாயத்தைச் சில வெள்ளணுக்களின் உள்ளிருந்த நுண்மணிகள் நன்கு பற்றிக்கொண்டன. கிரேக்கரின் வைகறைத் தெய்வம் ஈயோஸ். அவள் பெயரே சாயத்துக்கு வாய்த்தது. அச்சாயத்தை விரும்பும் அணு ஈயோசினோபில் ஆயிற்று. நலமாயிருப்பவரின் வெள்ளணுக்களில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை இவ்வகையின. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 500-க்கும் குறைவாகவே இவை காணப்படும்.

இவ்வளவு சிறிய கூட்டத்தை எண்ணிப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அந்த எண்ணிக்கை பலரைக் காசநோயாளி என்னும் பெயரிலிருந்து மீட்டது.

இளைஞர் ஒருவர் பல கிழமைகளாக இருமுகிறார் என்று கொள்வோம். பகலில் ஓரளவு தணிந்திருக்கும் இருமல், நள்ளிரவு கழிந்து வைகறை வரையுள்ள பொழுதில் அவரை உட்கார வைத்துவிடுகிறது. மூச்சு இரைகிறது, உடல் மெலிகிறது, இலேசான காய்ச்சலும் உண்டு. ஊடுகதிர்ப் படத்தில் இரு நுரையீரல்களிலும் தினை தூவினாற்போன்ற புள்ளிகள். உடலெங்கும் பரவும் காசநோயிலும் படம் இவ்வாறே இருக்கும். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஆயினும் வேறு விளக்கம் எதுவும் இல்லாதபோது அவரைக் காசநோய் விடுதிக்கு அனுப்பாமல் என்ன செய்வது? 1930-களில் அந்நோயைத் தீர்க்கும் மருந்தே கிடையாது. நோயின் பெயர் ஒட்டிவிட்டால் தட்டும் குவளையும் தனியே வைக்கப்படும். பேசிய திருமணம் நின்றுபோகும்.

அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியில், ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவ விடுதியில் பணியாற்றிய டென்மார்க்கு மருத்துவர் பிரிமோட்-மொல்லர், பார்ட்டன் என்பாருடன் சேர்ந்து 1940-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காசநோய் போலத் தோன்றியும் காசநோயல்லாத ஒரு நிலையை அதில் விவரித்தார்கள். அவர்களுக்கு வழி காட்டியது குருதியில் மலிந்திருந்த ஈயோசினோபில்களே. 1943-இல் வைன்கார்ட்டன் 81 நோயாளரின் வரலாற்றை எழுதி, இதற்கு 'வெப்பமண்டல ஈயோசினோபில் மிகை' என்னும் பொருளுடைய பெயரைச் சூட்டினார். ஆர்சனிக் கலந்த மருந்தால் நோய் தணிவதையும் அவர் கண்டார். ஏன் தணிகிறது என்பது அப்போது விளங்கவில்லை.

விளக்கம் தேடியவர்களுள் சிங்கப்பூரில் ஆய்வு நடத்திய மருத்துவர் டி. ஜே. தனராஜ் முதன்மையானவர்; பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக விளங்கியவர். இங்கு இந்நோய்க்கு ஆளானவர்கள் பெரும்பாலும் இந்தியரே. யானைக்கால் நோய்ப் புழுக்களை அழிக்கும் டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்து இந்நோயையும் குணப்படுத்துவதை அவர் 1958-இல் எழுதினார். நோயாளரின் குருதிநீர், நாயின் இதயத்தில் வாழும் அதே இனத்துப் புழுவின் சாற்றோடு வினைபுரிவதை மறு ஆண்டு காட்டினார். 1960-இல் வேலூர் மருத்துவர்கள் வெப், ஜாப், கால்ட் ஆகியோர் நோயாளரின் நுரையீரலிலும் கல்லீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் நுண்புழுக்களையே கண்டனர். கொசு கொண்டுவந்த புழுவின் குஞ்சுகளை உடல் நுரையீரலில் மடக்கி அழிக்கிறது. அப்போரின் ஆரவாரமே இருமல். ஆதலால் இரவில் எடுத்த குருதியிலும் புழு அகப்படுவதில்லை.

இந்நோயில் எண்ணிக்கை 3,000-க்கு மேல் ஏறும். வைகறை இருமலும் யானைக்கால் நோய் வழங்கும் ஊரில் வாழ்ந்த வரலாறும் அதனோடு சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது. எதிர்ப்பொருள் சோதனையும், மூன்று கிழமை மருந்தால் இருமல் அடங்குவதும் அதனை உறுதி செய்கின்றன. காலம் தாழ்த்தினால் நுரையீரலில் தழும்பு விழுந்து, மூச்சுத்திணறல் நிலைத்துவிடும்.

ஆனால் எல்லா நுரையீரல் நோய்க்கும் இதே கணக்குப் பொருந்தாது. புகைப்பழக்கத்தால் பெரும்பாலும் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை மூச்சளவுச் சோதனைதான் உறுதிப்படுத்தும். அங்கே ஈயோசினோபில் எண்ணிக்கை மருந்தைத் தெரிவு செய்யவே உதவுகிறது. 300-க்கு மேலிருந்தால் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு பயன் தரக்கூடும். 100-க்குக் கீழென்றால் பயன் அரிது. 2019 முதல் உலக வழிகாட்டு நெறிகள் இவ்வாறு கூறுகின்றன. ஆஸ்துமாவிலும் எண்ணிக்கை உயரலாம், உயராமலும் இருக்கலாம்.

எண்ணிக்கை ஒரே நாளில்கூட ஏறி இறங்கும். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவரிடம் அது சட்டென்று வீழ்ந்து, நோய் இல்லாதது போலக் காட்டும். இதைவிட அஞ்சத்தக்கது வேறொன்று. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் குடற்புழு, வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும். பல பத்தாண்டுகள் அரவமின்றி உள்ளேயே பெருகி வாழும். அப்புழுவாலும் ஈயோசினோபில் மிகும், இரைப்பும் வரும். அதை வெறும் ஆஸ்துமா என்று கருதி ஸ்டீராய்டைத் தொடர்ந்து கொடுத்தால், அடங்கிக் கிடந்த புழு உடலெங்கும் பரவி உயிரையே பறித்துவிடலாம். ஆகவேதான், இன்று நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் வாழும் முதியவரிடமும், இளமையில் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்ததுண்டா என்று மருத்துவர் கேட்க வேண்டியிருக்கிறது.