ஒழுகும் எண்ணெயும் ஒத்திவைத்த வேலையும்

எங்கள் வீட்டு டீசல் வண்டிக்கு வயது 20-ஐத் தாண்டிவிட்டது. இந்த வயதில் எஞ்சின் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவது வியப்பன்று. வெப்பத்தில் கிடந்து கிடந்து ஆயில் சீலின் ரப்பர் இறுகிவிடுகிறது, பேக்கிங் சுருங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் இன்றே மாற்றச் சொல்பவர் உண்டு. ஓடும்வரை ஓடட்டும் என்பவரும் உண்டு. இரண்டிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. எவ்வளவு ஒழுகுகிறது என்பதைவிட, ஒழுகியது எதன்மீது விழுகிறது என்பதே பெரிய கேள்வி.

ஒழுகுவது பிரேக் ஆயிலாயின் வண்டியை எடுக்கவே கூடாது. அதில் யோசனைக்கு இடமில்லை. எஞ்சின் ஆயில்தான் என்று உறுதியானபின், எஞ்சினின் வெளிப்புறத்தைத் துடைத்துச் சில நாள் ஓட்டிப் பார்த்தோம். மேலே கசிவது வழிந்து எங்கோ கீழே சொட்டும். தரைக்கறையை நம்ப முடியாது. மூன்று இடங்கள் தெரிந்தன: மேலே டேப்பட் கவர் பேக்கிங், முன்னே டைமிங் பெல்ட்டை ஒட்டிய சீல், பின்னே கியர்பாக்ஸை ஒட்டிய கிராங்க் சீல்.

மெக்கானிக் வேறெதையும் தொடுமுன் பிரீதர் குழாயைக் கழற்றிப் பார்த்தார். அது அடைபட்டால் எஞ்சினுள் அழுத்தம் கூடிப் புதிய சீலையும் மீறி எண்ணெய் வெளியேறும். (இதைப் பார்க்காமலே சீலுக்குச் செலவழிப்போர் பலர்.) பாதி அடைந்திருந்தது. சுத்தம் செய்ததும் கசிவு குறைந்தது, நிற்கவில்லை.

டேப்பட் கவர் எண்ணெய் சூடான மேனிபோல்டில் விழுந்து புகைந்தது. தீப்பிடிக்கவும் கூடும் என்பதால் அதை அன்றே மாற்றினோம். பின்புற சீல் விலை மலிவுதான். ஆனால் கியர்பாக்ஸை இறக்கவேண்டும், கூலி பெரிது. கிளட்ச் பிளேட் மாற்றும்போது சேர்த்துச் செய்யலாமென்று விட்டுவைத்தோம். அதற்குமுன் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் தவணை அன்றோடு முடிந்தது.

முன்புற சீலில்தான் வீட்டில் விவாதம் எழுந்தது. 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர்கூடக் குறையவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணமும் அந்த மாதமே கட்டவேண்டும். ஆயினும் எண்ணெய் பட்டால் டைமிங் பெல்ட்டின் ரப்பர் கெடும். பெல்ட் அறுந்தால் எங்கள் எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். உம்மாவை இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குக் கண் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது இந்த வண்டியில்தான். ஆளரவமற்ற சாலையில் அவர் அமர்ந்திருக்க வண்டி நின்றுவிடுவதை எண்ணிப் பார்க்க முடியவில்லை. பெல்ட்டின் கெடு இன்னும் முடியாதிருந்தும் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். பெருநாளுக்கு நினைத்திருந்த வெள்ளையடிப்பு தள்ளிப்போயிற்று.

விட்டுவைத்த கசிவுக்கும் ஒரு கணக்குண்டு. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையென்று கற்றவர்கள் நாம். மழை ஈரத்தோடு எண்ணெய் சேர்ந்தால் இருசக்கர வாகனம் சறுக்கும். ஒளு செய்த ஈரக்காலோடு வரும் முதியவர் விழுவார். ஆகவே ஜும்ஆவுக்குப் போகையில் பள்ளிவாசல் வாசலின் சிமெண்ட் தளத்தில் நிறுத்துவதில்லை. வீட்டில் வண்டிக்கடியில் மணல் பரப்பிய தகரத் தட்டு இருக்கிறது.

ஞாயிறுதோறும் எஞ்சின் ஆறியிருக்கையில் ஆயில் கம்பியைப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்கிறோம். சிவப்பு விளக்கை நம்புவதில்லை. அழுத்தம் விழுந்தபிறகே அது எரியும். டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் எப்போதும் இருக்கிறது.