பொதி கட்டுதல்

1979ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலே டார் என்னும் கட்டளை இடம்பெற்றது. கோப்புக்களைக் காந்த நாடாவில் வரிசையாக எழுதிவைத்தல் அதன் தொழில். பெயரும் அதனாலேயே வந்தது. நாடா பொதுப் பயன்பாட்டிலிருந்து நீங்கிய பின்னரும் லினக்ஸ் கணினிகளில் அக்கட்டளை வழங்கிவருகின்றது. அது தன்னளவிற் கோப்புக்களைக் கட்டுமேயன்றிச் சுருக்காது. சுருக்கும் பணியை, 1992இல் ஜோன்-லூ கையியும் மார்க் அட்லரும் உருவாக்கிய ஜீசிப் போன்றதொரு நிரல் ஏற்கின்றது. மீண்டும் வரும் தொடரைத் திரும்ப எழுதாது, முன்னர் வந்த இடத்தைச் சுட்டிச் செல்லுதல் அதன் உத்திகளுள் ஒன்று. ஆதலின், அடிகள் மீண்டு மீண்டு வரும் பாடல்கள் நன்கு சுருங்கும். ஏலவே சுருக்கப்பட்ட நிழற்படங்களோ அவ்வாறு சுருங்கா.

கலைப்பீட மாணவனொருவன் தன் ஊர் ஒப்பாரிப் பாடல்களைத் தட்டெழுதி, 40 கோப்புக்களாக எண்ணிட்டு வைத்திருந்தான். முதலாவது, அவனுடைய ஆச்சி பாடியது. சாவில்லாத வீட்டில் ஒப்பாரியைப் பதிந்துவைத்தல் ஆகாதென அவர் ஒலிப்பதிவுக்கு இசையவில்லை; அவன் அருகிருந்து கேட்டு, நேரே கணினியில் எழுதினான்.

கோப்புறையில் நிழற்படங்களும் கிடந்தமையால், பாடல்களை மட்டும் தெரிந்து பொதியாக்க விரும்பினான். டார் என எழுதி, சீ, இசட், எஃப் என்னும் மூன்றெழுத்துக்களை இட்டான். சீ எனில் உருவாக்குக. இசட் எனில் சுருக்குக. எஃப் எனில் அடுத்து வரும் பெயரிற் சேமிக்க. அடுத்து வரவேண்டிய பொதியின் பெயரை மறந்து, எழுத்துக் கோப்புக்கள் அனைத்தையும் குறிக்கும் உடுக்குறியை இட்டுவிட்டான்.

கணினி எச்சரிக்கை எதுவும் விடுக்கவில்லை. உடுக்குறி பெயர்களாக விரிந்தபோது முதலில் நின்றது ஆச்சியின் கோப்பு. அதனையே பொதியின் பெயராகக் கொண்டு, அதிலிருந்த பாடலை அழித்து, எஞ்சிய 39 பாடல்களையும் அதனுள் ஒழுங்காகக் கட்டிவைத்தது. சொன்னதைச் செய்தது, அவ்வளவே.

விடுமுறையில் ஊருக்குச் சென்று நடந்ததைச் சொன்னான். ஆச்சி சினக்கவில்லை, மறுபடியும் பாடினார். ஆயின், முன்னைய அடிகள் சில வரவில்லை. அவற்றினிடத்தே புதியன வந்தன. முன்பு எப்படிப் பாடினீர்கள் எனக் கேட்டான். அவருக்கு நினைவில்லை. ஒப்பாரி அவ்வப்போது பிறப்பது.

இப்பொழுது அவன் பொதியின் பெயரை முதலில் எழுதுகின்றான். கட்டியபின் உள்ளிருப்பவற்றைப் பட்டியலிட்டுச் சரிபார்க்கின்றான். வேறிடத்தே படியொன்றும் வைக்கின்றான். ஆச்சியின் புதிய பாடலுக்கு 41 என எண்ணிட்டான். ஒன்றாம் எண் வெறுமையாகவே இருக்கின்றது.