நேரமில்லை என்று சொல்லும் வேலை

பெரிய பிரேக் காலிப்பர் மாட்ட ஒரு பிராக்கெட் செய்து தரச் சொல்லி யாராவது பட்டறைக்கு வந்தால், நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அது பொய். மில்லிங் மெஷின் பின்னால் சும்மாதான் நிற்கும். வந்தவர் அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். "உங்க வண்டியில மட்டும் போட்டிருக்கீங்களேண்ணா?" என்று கேட்டவர்களும் உண்டு.

போட்டிருக்கிறேன்தான். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும் ஓடும் பழைய மாருதி எஸ்டீம் அது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர், பிரேக் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கம்பெனி டிஸ்க் அந்தச் சூட்டைத் தாங்காது. பெரிய டிஸ்க் போட்டால் காலிப்பர் வெளியே தள்ளிப் போகும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் இருக்கும் துளைகள் அதற்குப் பொருந்தாது. நடுவில் ஒரு தகடு வேண்டும்: நக்கிளுக்கு இரண்டு துளை, காலிப்பருக்கு இரண்டு துளை. பார்த்தால் டிரில்லிங் மெஷின் இருக்கிற யாரும் செய்துவிடலாம் போலத்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் துணிச்சல் போய்விடும். 900 கிலோ வண்டி முழு பிரேக்கில் நிற்கும்போது எடை முன்னால் சாய்வதால், நிறுத்தும் வேலையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக முன் சக்கரங்களே செய்கின்றன. டயரின் ஆரம் 28 சென்டிமீட்டர். பேட் டிஸ்க்கைக் கவ்வுவதோ மையத்திலிருந்து பத்தரை சென்டிமீட்டரில். ஆகவே சாலை டயரை இழுப்பதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் டிஸ்க் காலிப்பரை இழுக்கிறது. கூட்டிக் கழித்தால் ஒரு பிராக்கெட்டின் மேல் 860 கிலோவுக்கு மேல் வரும். காரையே கயிறு கட்டி அந்த ஒரு தகட்டில் தொங்கவிட்ட மாதிரி. அதுவும் ஒவ்வொரு வளைவிலும் தொங்கவிட்டு, எடுத்து, மறுபடி தொங்கவிட்டு.

இழுப்பு தகட்டுக்கு நேராகவும் வராது. டிஸ்க் ஒரு தளத்தில், நக்கிளின் காது இன்னொரு தளத்தில்; இடையில் ஒன்றரை சென்டிமீட்டர் விலகல் இருந்தால்கூடத் தகடு முறுக்கிக்கொள்ளும். உடைவதற்கு வெகு முன்பே இந்த முறுக்கல் தொல்லை கொடுக்கும். காலிப்பர் சாயும், பேட் ஒரு ஓரமாகத் தேயும், பெடல் காலுக்குக் கீழே மெத்தென்று போகும். பையன்கள் பளபளப்புக்காக அலுமினியம் கேட்பார்கள். 6061-டி6 நல்ல உலோகம்தான், ஆனால் விறைப்பில் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. சுமார் 170 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் அதன் பதமும் இறங்கும். தடிமனைக் கூட்டி, மரைக்கு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் போட்டு அதிலும் நன்றாகச் செய்யலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இரும்பு போதும். சக்கரத்துக்கு அரைக் கிலோ மிச்சம் பிடித்து நான் எந்தக் கோப்பையும் வாங்கப் போவதில்லை.

என் டிராயிங்கை கணபதி பகுதியில் ஒரு டர்னரிடம் கொண்டு போனேன். வயதானவர், எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். துளை அளவு, டாலரன்ஸ் எதையும் அவர் பார்க்கவில்லை. தகடு படியாக இறங்கும் உள்மூலையில் விரலை வைத்து, "இங்க என்ன ரேடியஸ் கண்ணு?" என்றார். டிராயிங்கில் அங்கே இரண்டு கோடுகள் சந்தித்தன, அவ்வளவுதான். பக்கத்தில் கிடந்த ஒரு பீஸை எடுத்து அதன் மூலையில் கட்டைவிரல் நகத்தை ஓட்டச் சொன்னார். நகம் 'டக்'கென்று மாட்டியது. "மாட்டுதுல்ல? கிராக்கும் அங்கதான் மாட்டும்." பிறகு வளைவாகக் கடைந்து பாலிஷ் போட்ட இன்னொரு பீஸைக் கொடுத்தார். நகம் வழுக்கிக்கொண்டு போனது. கேஸ் கட்டிங்கில் வெட்டிய ஓரம் சூட்டில் இறுகிப்போயிருக்கும், அதிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டரை மில்லிங்கில் எடுத்தாக வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார்.

பெயிண்ட் விஷயமும் அவரிடம் கற்றதே. 10.9 கிரேடு பத்து எம்எம் போல்ட்டைச் சரியாக முறுக்கினால் சுமார் மூன்றரை டன் அழுத்தத்தில் இரண்டு முகங்களையும் இறுக்கிப் பிடிக்கும். சுமையைத் தாங்குவது அந்தப் பிடியின் உராய்வு. போல்ட்டின் குறுக்கே வெட்டுவிசை வரவே கூடாது. நடுவில் பவுடர் கோட்டிங் இருந்தால், சூட்டில் அது நசுங்கி மெலியும், போல்ட்டின் இறுக்கம் தளரும். அழகான பிராக்கெட்டாகத்தான் இருக்கும். அதனால் கூடும் முகங்களை வெறும் இரும்பாகவே விடுகிறேன், துரு பிடித்தாலும் பரவாயில்லை.

வந்தவர்களிடம் சட்டத்தைக் காட்டி மறுத்திருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது; கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் என் தயக்கம் அங்கே இல்லை. நான் செய்த தகட்டை வேறொருவர் மாட்டுவார், டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்குவார், குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் மலைப்பாதையில் இறங்குவார். அங்கே வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள். உலோகக் களைப்பில் வரும் கிராக் முதல் நாள் தெரியாது. இதை வந்தவரின் முகத்துக்கு நேராகச் சொன்னால் "உங்க கைமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்பார். இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். நேரமில்லை என்பது சுலபம்.

என் வண்டியில் ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் பிராக்கெட்டைக் கழற்றி, கழுவி, சிவப்புச் சாயம் தடவி ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்துப் பார்ப்பேன். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பாக ஒரு கோடு கசியும். கோடு எதுவும் வராவிட்டாலும் சீசன் முடிந்ததும் புது ஜோடிதான். பழையதை நடுவில் ஹேக்ஸாவால் அறுத்துத் துண்டாக்கித்தான் பழைய இரும்புக்குப் போடுகிறேன். முழுசாகப் போட்டால் எவராவது எடுத்துத் தன் வண்டிக்கு வைத்துப் பார்ப்பார்.